அச்சுவேலிக் கிணற்று டைனோசர்

அண்ணை,

உங்கடை பிஸ்கற் ரின்னின் தகர மூடியைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்புக்கல்லின் மணம் முகத்தில் அடித்தது. புதுக்கிணற்றுக்குள் இறங்கினால் வருமே, அதே மணம். நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள், கீரிமலையில் உங்கள் அந்தியேட்டி முடிந்து வந்த கையோடு உங்கடை மனிசி, அக்கா, அதைத் தூக்கித் தந்தார். "உந்தக் கல்லுகளை வைச்சு நான் என்ன செய்யிறது? அவரோடை சேர்ந்து நக்கினது நீர்தானே, கொண்டு போம்." வந்திருந்த சனம் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது.

நக்கினது உண்மைதான். நீங்கள் கிணறு வெட்ட, நான் மோட்டர் பூட்ட என்று ஊர் ஊராகத் திரிந்த காலம். கல்லுக்குள் வித்தியாசமாய் எது கிடைத்தாலும் கழுவி நாக்கில் வைப்பீர்கள். கல்லாய்ப்போன எலும்பென்றால் ஒட்டும், வெறுங்கல் ஒட்டாது என்பது உங்கள் சோதனை. ரின்னுக்குள் சிப்பி, சங்கு, சுறாப்பல். எல்லாவற்றுக்கும் மேலே, துணியில் சுற்றி, ஒரு சாண் நீளத்தில் அந்த வளைந்த எலும்பு. பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஓர் அட்டை: "டைனோசர். அச்சுவேலிக் கிணறு."

அது கிடைத்த அன்று நானும் நாக்கை வைத்துப் பார்த்தேன்.

"ஒட்டேல்லையே அண்ணை."

"வெத்திலை போட்ட நாக்குக்கு என்ன தெரியும்?"

நான் விடவில்லை. "எங்கடை கல்லுக்குள்ளை கடல் சாமான்தானே வருது. உந்த டைனோசர் எப்பிடி இஞ்சை வந்தவர்?"

"குளிக்க வந்திருப்பார். நீ மோட்டரைப் பூட்டு."

விஞ்ஞானப் பாடத்தை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவன் நான். அதற்குமேல் எதைக் கதைக்க?

இனி, உங்களிடம் சொல்லாமல் விட்ட விஷயம். ஒருநாள் உங்கள் வீட்டில், நீங்கள் தேத்தண்ணிக்குச் சொல்லக் குசினிப் பக்கம் போன நேரம், அதைக் கையில் எடுத்தேன். கிரீஸ் பிடித்த கை. வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்து இரண்டாய்ப் போனது. என் பையில் பைப் ஒட்டுகிற பசை இருந்தது. அதை அப்பி, துணியைச் சுற்றி வைத்துவிட்டு, நீங்கள் கொண்டுவந்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன். செத்த டைனோசரை இன்னொருமுறை கொன்றவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அன்றைக்குப் பிடித்தது, விடவேயில்லை.

அதனால்தான் ரின் கைக்கு வந்ததும் அது என்ன எலும்பென்று அறியாமல் இருக்க முடியவில்லை. டைனோசர் இல்லையென்றால் என் குற்றம் கொஞ்சம் குறையும் பாருங்கோ. மகள் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிக் கம்பஸில் விலங்கியல் படிக்கிறாள். படம் எடுத்து அவளுடைய ரீச்சருக்கு அனுப்பினாள்.

"வெளிப்பக்கம் தேய்ஞ்சு போச்சாம், ரெண்டு முனையும் கல்லு மூடிக் கிடக்காம். உடைஞ்ச முகம் ஒண்டு இருந்தால் உள்ளைப் பாத்துச் சொல்லலாமாம். இது உடையேல்லையே அப்பா."

எலும்பின் நடுவில் விரலை வைத்தேன். "உடைஞ்சதுதான். உதிலை, நடுவிலை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைப் பஞ்சில் நனைத்து மெதுவாய்த் துடைத்துக்கொண்டு வந்தவள், எலும்பு இரண்டாய்க் கழன்றதும் முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"அப்பா, இதிலை ரெண்டு பசை இருக்கு. குழியளுக்குள்ளை கட்டிகட்டியாய்க் கிடக்கிறது உங்கடை வேலை. அதைச் சுரண்டிப்போட்டு ஆரோ வடிவாய் ஒட்டியிருக்கினம்."

ரீச்சர் இரண்டு துண்டையும் கையில் வாங்கிப் பார்த்துச் சொன்னது இது. உள்ளே ஓட்டையும் இல்லை, பஞ்சுபோன்ற பகுதியும் இல்லை, அம்மிக்கல் மாதிரி ஒரே இறுக்கம். கடற்பசுவின் விலா. தண்ணிக்குள் தாழ்ந்து நிற்க அதற்கு அந்தப் பாரம் வேணுமாம். டைனோசர்கள் அழிந்து கனகாலத்துக்குப் பிறகுதான் எங்கள் ஊர்க் கல்லே கடலுக்கடியில் உண்டானதாம். இவ்வளவு இறுக்கமான எலும்பு நாக்கில் ஒட்டாது என்றும் சொன்னாராம். என் நாக்கு ஒரு உண்மையைச் சரியாய்ச் சொன்னது அந்த ஒருமுறைதான், அதையும் நீங்கள் நம்பவில்லை.

அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "டைனோசர்" என்பதற்குப் பக்கத்தில் வேறு மையில், சின்னதாய், ஒரு கேள்விக்குறி. என் பசையைச் சுரண்டித் திரும்ப ஒட்டினது நீங்கள்தான், அப்போதே உள்ளே பார்த்துவிட்டீர்கள். பார்த்த பிறகும் வருகிறவர் போகிறவரிடம் டைனோசர் என்றுதானே காட்டினீர்கள்? நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேனே. கனநாள் யோசித்தேன். டைனோசர் இல்லையென்று சொன்னால் எப்படிக் கண்டுபிடித்தனீங்கள் என்று நான்தான் முதலில் கேட்டிருப்பேன். அப்போது உடைந்த கதையும் வெளியே வந்திருக்கும். எனக்காகவோ அண்ணை அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தனீங்கள்?

மகள் திரும்ப ஒட்டவா என்று கேட்டாள். வேண்டாம், உள்ளே தெரியட்டும் என்றேன். பழைய அட்டையை அப்படியே வைத்து, அதற்குக் கீழே புதிதாய் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன்: "கடற்பசு, விலா எலும்பு. அச்சுவேலிக் கிணறு. எடுத்தது அண்ணை. உடைச்சது நான்."

எழுத்துப்பிழை இருந்தால் மகள் சொல்லுவாள். நீங்கள் கண்டாலும் சொல்லமாட்டீர்கள் என்று இப்போது தெரியும்.