அந்த ஃபைலைத் திறந்துவிட்டது நான்தான்

என் அன்புக்குரிய ஜமீலா அக்கா,

நேற்று உங்களுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதினார்கள். தெருமுனைவரை வந்துவிட்டு, உள்ளே வரத் தைரியமில்லாமல் திரும்பிவிட்டேன். நீங்கள் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

செஞ்சியில் நம் விதைக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். என் அறையில் சர்வர். அங்கிருந்து மேனேஜர் மேஜைக்கும் உங்கள் பரிசோதனை அறைக்கும் வயர் போனது. எந்த ஃபைலை யார் படிக்கலாம், யார் அதில் எழுதலாம் என்று அனுமதி கொடுப்பது என் வேலை.

நீங்கள் ஈர மணலில் நூறு மல்லாட்டைக் கடலை விதை ஊன்றி, எத்தனை முளைத்தது என்று எண்ணி ஃபைலில் ஏற்றுவீர்கள். கையால் எழுதும் நோட்டு இனி வேண்டாம் என்று ஆபீசில் சொன்னபோது தயங்கினீர்கள்.

“தம்பி, நான் போட்ட நம்பர வேற யாரும் மாத்த முடியாதில்ல?”

“முடியாதுக்கா. மத்தவங்க பாக்கத்தான் முடியும்.”

அன்றைக்கு அது உண்மை.

ஆடிப் பட்டத்துக்கு முன்னால் மேனேஜர் கூப்பிட்டார். “அந்த ஃபைல்ல எழுதறதுக்கு எனக்கும் பர்மிஷன் குடுப்பா. தப்பு கிப்பு இருந்தா திருத்தணும் இல்ல?” நான் எதற்கு என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம். இரண்டே நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

நூற்றுக்கு ஐம்பத்திரண்டு முளைத்த விதை, மேனேஜர் திருத்தியதும் எண்பத்திரண்டு என்று அனந்தபுரத்து விவசாயிகளுக்குப் போனது. நல்ல மழை பெய்தும் ஏழு குடும்பத்தின் நிலம் திட்டுத் திட்டாகத்தான் முளைத்தது. அவர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள்.

“இந்த ஃபைல்ல யார் யார் எழுத முடியும்?” என்று முதலாளி என்னைக் கேட்டார். மேனேஜர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜமீலா அக்கா மட்டும்தான் சார்.”

அங்கேயே நின்ற நீங்கள் என்மேல் பாய்ந்திருக்கலாம். “தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். நான்தான் அஞ்சுக்கு பதிலா எட்ட தட்டிட்டேன் போல இருக்குது” என்றீர்கள். என் பொய்யை நம்பி உங்கள் விரல்களைச் சந்தேகப்பட்டீர்களே, அக்கா!

அத்தோடு வேலையை விட்டீர்கள். பஸ் ஏறிப் போய், ஏழு வீட்டிலும் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். மேனேஜருக்குக் கொடுத்த அனுமதியை நான் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். அது உங்களுக்காகவா, நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவா? பிறகு உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக்குக்கூட நான் வரவில்லை.

இன்று காலை உங்கள் வீட்டுக்குப் போய், உங்கள் கணவர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“கடைசி வரைக்கும் ‘என் கை தப்பு பண்ணிடுச்சே’ன்னு சொல்லிக்கினே இருந்தாப்பா. உசுரோட இருக்கச்சே வந்து சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவ மன்னிப்பு கேட்ட வீட்டுல போய் சொல்லு.”

அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய், மேனேஜர் எதிரிலேயே முதலாளியிடம் சொன்னேன். மேனேஜர் இல்லவே இல்லை என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் அனந்தபுரத்தில் முதல் வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடித்ததும் அந்த வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தம்மா வெயில்ல நின்னு அழுதாங்க. குடிக்கத் தண்ணிகூட குடுக்காம அனுப்பிட்டோமே தம்பி.”

இன்னும் ஆறு வீடு இருக்கிறது. ஒன்று விடாமல் போவேன். நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள், சரியாகத்தான் எழுதினீர்கள் என்று உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்வேன்.

உங்கள் வாயால் தம்பி என்று அழைக்கப்பட்டவன்,
செல்வம்