அகோதாவின் படி

கெஷெர்கூத்
9 அக்டோபர் 1994

அன்புள்ள அகோதாவுக்கு,

நீ புதாபெஸ்ட் போய்ச் சேர்ந்ததை நம் பெண் கிங்கா தபாலட்டையில் எழுதியிருந்தாள். இரட்டைப் பேரன்களுக்கு உன் மூக்கும் என் பிடிவாதமும் வாய்த்திருப்பதாகக் கேள்வி. பாவம் பிள்ளைகள்.

உருளைக்கிழங்கைத் தோண்டி நிலவறையில் போட்டாயிற்று. முட்டைக்கோஸை உப்பில் போடத்தான் எனக்குக் கைவரவில்லை. இடது கால் பாடாய்ப் படுத்துகிறது. தேவாலயம் போய்ச் சேர்வதற்குள் கெண்டைக்கால் கவ்விக்கொள்கிறது, வழியில் நின்று நின்று போகிறேன். வலி அடங்கட்டும் என்று வாயுக்குழிக்குப் போனால் காவல்காரர் இக்னாட்ஸ் கதவிலேயே மறித்துவிட்டார். "எதிர்ப்படியில நிக்க ஜோடி இல்லாம உள்ள விடமாட்டேன். கரியமில வாயு தண்ணி மாதிரி இடுப்பு மட்டத்துக்கு நிக்குது. நீ மயங்கிச் சாஞ்சா யாருய்யா இழுப்பா?" அவர் சொல்வதும் நியாயம்தான்.

பக்கத்து வீட்டு பொர்பாலா, புருஷன் போனதிலிருந்து ஊருக்கெல்லாம் ஓடி ஓடி உதவுகிறவள், "நான் வேணா எதிர்ல நிக்கட்டுமா?" என்றாள். எல்லோர் முன்னாலும்! "ஏம்மா, அகோதா செத்துட்டாளா, இல்ல என்னை வேண்டாம்னுட்டாளா? ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தானே நம்ம ஊர்ல ஒருத்தி படியில இன்னொருத்தி நிப்பா?" என்றேன். ஒரே சிரிப்பு. அதுவும் குழிக்குள் பேசக் கூடாது. பொர்பாலாவால் முடிகிற காரியமா அது?

எறும்பு ஊர்வது போலக் காலில் சூடு ஏறும்போது உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பேனே, அப்போது வலி போன இடம் தெரியாது. கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடு.

உன்
அம்ப்ருஷ்


புதாபெஸ்ட்
6 நவம்பர் 1994

என் அம்ப்ருஷுக்கு,

உங்கள் கடிதத்தை கிங்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா இன்னும் திருந்தலையா?" என்று சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய் அழுதாள் போலிருக்கிறது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. இவள் ஒற்றை ஆளாய் இரண்டையும் வைத்துக்கொண்டு தவிக்கிறாள். ஒன்று தூங்கினால் மற்றது எழுந்துகொள்கிறது. இரண்டுக்கும் சளி வேறு.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருகிறேன். அதுவரை வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள். அந்தப் பாழாய்ப்போன சிகரெட்டை விடுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

அகோதா


கெஷெர்கூத்
28 டிசம்பர் 1994

அன்புள்ள அகோதாவுக்கு,

இருபத்து நான்காம் தேதி ஸ்டேஷனில் கடைசி வண்டி வரை நின்றேன். உன் தந்தி மறுநாள்தான் கிடைத்தது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நீ என்ன செய்வாய்? நான் ஒன்றும் சொல்லவில்லை. பொர்பாலா கொடுத்த வால்நட் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்தேன்.

பெருவிரல் கறுத்திருக்கிறது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். "குழிக்குப் போனா வலி அடங்கும். அடைச்ச ரத்தக்குழாய் திறக்காது. முதல்ல சிகரெட்டை விடுய்யா" என்றார். வலி அடங்கினாலே போதும் அகோதா. பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது. ஒரு வாரத்துக்காவது வந்துவிட்டுப் போ. இப்படிக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்ப்ருஷ்


புதாபெஸ்ட்
15 ஜனவரி 1995

அம்ப்ருஷுக்கு,

என்னை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை உங்களுக்கு அனுப்பட்டுமா? கிங்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் கிளம்பினால் குழந்தைகளை யாரிடம் விடுவாள்? கை இரண்டும் வீங்கிப்போய் எழுதுகிறேன்.

ஊர் என்ன சொல்லும் என்று பார்த்துக்கொண்டு வலியில் சாகவேண்டுமா? பொர்பாலாவே என் படியில் நிற்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. இதையும் எழுத்தில் தந்தால்தான் கேட்பீர்கள் என்றால், இதோ எழுதிவிட்டேன்.

அகோதா


கெஷெர்கூத்
29 ஜனவரி 1995

அகோதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. படியை விட்டுக்கொடுத்தது தெரிந்தது. யாரிடமும் காட்டவில்லை.

இங்கே பனி அதிகம். நாய் நலம்.

அம்ப்ருஷ்


புதாபெஸ்ட்
19 மார்ச் 1995

என் அம்ப்ருஷுக்கு,

இதோடு மூன்றாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. நாய் நலம் என்று எழுதத் தெரிந்த மனிதருக்குத் தன் கால் எப்படி இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லையா?

நான் எழுதியது தப்புதான். பால் பொங்கிக்கொண்டிருந்தது, ஒரு குழந்தை இடுப்பில், ஒன்று தரையில் கிடந்து கத்துகிறது. அந்த வரிக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று தபாலில் போட்ட பிறகுதான் உறைத்தது. வெளியூரில் வந்து உட்கார்ந்தால் புத்தியும் வெளியூர் புத்தியாகிவிடும் போல. உங்களை விட்டு நான் எங்கே போவேன்?

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கிங்கா ஓர் ஆளைப் பிடித்துவிட்டாள். ஈஸ்டருக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. என் கைக்கும் அந்த வாயு வேண்டும். எதிரும் புதிருமாக நிற்போம். நீங்கள் என்னைத் திட்டலாம், குழிக்கு வெளியே வந்த பிறகு.

உங்கள்
அகோதா


கெஷெர்கூத்
2 ஏப்ரல் 1995

அன்புள்ள அகோதா,

மூன்று கடிதமும் சேர்ந்தே கையில் கிடைத்தன. நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிப்ரவரி கடைசியில் இடது காலை எடுத்துவிட்டார்கள், முழங்காலுக்கு மேலே. உனக்கும் கிங்காவுக்கும் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியது நான்தான்.

உன்னால் இல்லை. நீ வந்திருந்தாலும் கால் போயிருக்கும். டாக்டர் முதலிலேயே சொன்னார். சிகரெட் என் வாயில்தானே இருந்தது? அதை நினைத்து அழாதே. ஆனால் வலி அடங்குகிற இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், நீ எழுதிய அந்த வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். அதை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது ஒரு வேடிக்கை. இல்லாத கால் வலிக்கிறது. இல்லாத பெருவிரல் தீயாய் எரிகிறது. சிலருக்கு அப்படி இருக்குமாம். பொறுக்க முடியாமல் நேற்று குழிக்குப் போனேன். இக்னாட்ஸ் இந்த முறை ஜோடி எங்கே என்று கேட்காமல் முதுகில் தூக்கிப் போய் என் படியில் உட்கார்த்தி, பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குக் கீழே வாயு நிற்கிறதா என்று மெழுகுவர்த்தியைத் தாழ்த்தி, அது எங்கே அணைகிறது என்று பார்த்தார். கால்சட்டையில் மடித்துக் குத்தியிருந்த இடது பக்கத்தை அவிழ்த்து வாயுவுக்குள் தொங்கவிட்டேன். வாயு எதைத் தொடும், சொல்? வலது கால் சுகமாகச் சூடேறியது. இடது கால் வலித்துக்கொண்டே இருந்தது.

எதிரே உன் படி காலியாக இருந்தது. பொர்பாலா ஒரு நாளும் அதில் நிற்கவில்லை. நான் விடவில்லை. இக்னாட்ஸ் "போதும், போலாமா?" என்று கேட்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஈஸ்டருக்கு வராதே அகோதா. கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்து எதிரே நின்றால் வலி போய்விடும் என்றுதான் இந்தக் குளிர்காலம் முழுக்க நம்பியிருந்தேன். நீ வந்து நின்றும் அது போகாவிட்டால், அப்புறம் நான் நம்புவதற்கு ஒன்றும் இருக்காது.

அம்ப்ருஷ்