உன் தாத்தா போட்ட கையெழுத்து

இன்று காலை, ஆவடியில் நான் வேலை பார்க்கும் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் ஒரு பெரியவர் பழைய காகிதக் கட்டைப் பிரித்தார். அந்துருண்டை வாசனை குப்பென்று எழுந்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. உன் வீட்டு பீரோவுக்குள் நாம் இருவரும் தலையை விட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று நாள்கள் கண்முன் வந்தன.

வெள்ளானூரில் பாதி நிலம் உங்கள் குடும்பத்துடையது. அதில் நாற்று நட்டவர்கள் எங்கள் வீட்டார். பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்ச். உன் வீட்டில் எனக்குக் கொல்லைப்புறம் வரைதான். கணவர் இறந்தபின் நீ அந்த வீட்டுக்கே திரும்பி வந்து தனியாக இருந்தாய். முகப்பேர் ஃப்ளாட்டில் இருந்த உன் அண்ணன், வீட்டையும் மிச்ச நிலத்தையும் மனை போட்டு விற்க முடிவுசெய்தார். காகிதங்களைப் பிரித்து அடுக்க நீ என்னைக் கூப்பிட்டாய். அன்றுதான் முதல்முறையாக முன்வாசல் வழியாக வந்தேன்.

குத்தகைச் சீட்டுகள், கிணற்றுத் தகராறு மனுக்கள், யார் யாருடைய ஜாதகங்களோ. மூன்றாம் நாள் அந்தத் தாள் கிடைத்தது. எங்கள் தெருவின் எட்டு வீட்டு மனைகளையும் குடியிருப்பவர்களுக்கே விட்டுக்கொடுத்ததாக உன் தாத்தா எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். எங்களில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. உன் அண்ணன் விற்கவிருந்த நிலத்தில் எங்கள் தெருவும் அடக்கம்.

"ரிஜிஸ்டர் பண்ணாம கீது. இது செல்லாதுடி," என்றேன்.

"செல்லுதோ இல்லையோ, எழுதியிருக்காரு இல்ல? எடுத்துட்டுப் போ."

அந்தத் தாளை வைத்து எங்கள் தெருவார் பட்டா கேட்டு மனு கொடுத்தோம். தாலுகா அலுவலக விசாரணையில் அது யார் கையெழுத்து என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றார் உன் அண்ணன். நீ எழுந்து நின்றாய். "எங்க தாத்தா போட்டதுதான் சார். என் ரேங்க் கார்டுல எல்லாம் அவர்தான் போடுவாரு." பழைய ரேங்க் கார்டு ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தாய்.

வெளியே வந்ததும், "இனிமே உனக்குப் பொறந்த வீடு கிடையாது," என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார்.

பஸ் நிறுத்தத்தில் நீ மெதுவாகக் கேட்டாய். "உங்க வீட்ல ஒரு பத்து நாள் இருந்துக்கட்டுமா?"

"எங்க ஊடு உனக்கு சரிப்படாதுடி. தகரக் கூரை. வெக்க தாங்கமாட்ட."

"சரி," என்றாய்.

இடம் இருந்தது. உன்னை எங்கள் வீட்டில் எப்படி உட்காரவைப்பது என்ற கூச்சம் எனக்கு. அதற்கும் அடியில், நீயும் கொஞ்சம் வெளியே நின்று பாரேன் என்ற வன்மமும் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேப்பம்பட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டாய். இரண்டு முறை வந்து பார்த்தேன். மூன்றாம் முறை கதவு பூட்டியிருந்தது. "அந்தம்மா மாரடைப்புல போய் நாலு நாள் ஆவுதுமா. அண்ணங்காரரு வந்து எடுத்துகினு போய்ட்டாரு," என்றார் வீட்டுக்கார அம்மா.

அடுத்த மாதம் எட்டு வீட்டுக்கும் பட்டா வந்தது. தெருவில் வெடி போட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

நான் மறுத்த பிறகும் அன்று பஸ் வரும்வரை நீ பேசிக்கொண்டுதான் இருந்தாய். என் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். எந்த எண்ணெய் தேய்த்தால் கேட்கும் என்றும் சொன்னாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். நீ திட்டாததைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.