மாப்பிள்ளைக் கம்பி

28 மார்ச் 2025, வெள்ளி

வேலை போய் இன்றோடு பதினோரு நாள். ரசத்தைத் தாளித்துவிட்டு போனை எடுத்தால் மியான்மரில் பூகம்பம். 7.7. மாண்டலேயில் கட்டடங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய கட்டடம் புழுதியாய்ப் போனதை ஏழெட்டுத் தடவை பார்த்தேன். ஐயோ பாவம் என்று தோன்றுவதற்கு முன்னாலேயே மேனேஜர் குப்புராஜ் முகம்தான் வந்து நின்றது. அவன் மில்லில் உருட்டிய கம்பி ஒரு நாள் இப்படிச் சந்தி சிரிக்க வேண்டும். அவன் கையில் விலங்கோடு நடப்பதை டிவியில் காட்ட வேண்டும்.

வீட்டுக்காரர் ஸ்டீபன் எட்டிப் பார்த்து, "இன்னா மெர்சி, சாவு விழுந்ததைப் பாத்துக்கினு சிரிக்கிற?" என்றார். சிரித்தேனா?

30 மார்ச், ஞாயிறு

சர்ச்சில் மியான்மருக்காக ஜெபம். நானும் கண்ணை மூடினேன். நான் கேட்டது வேறு.

4 ஏப்ரல்

எழுதிவிடுகிறேன்.

பதினோரு வருஷம் கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில்லின் லேபில் இருந்தேன். உலையில் ஒவ்வொரு முறை இரும்பு உருக்கி வார்ப்பதை ஒரு ஹீட் என்போம். ஒவ்வொரு ஹீட்டின் கம்பியிலும் ஒரு துண்டு வெட்டி, இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஆனால் மேசைக்கு அடியில் ஒரு நல்ல ஹீட்டின் கம்பியை அரை மீட்டர் அரை மீட்டராக வெட்டி அடுக்கி வைத்திருப்போம். அதற்கு மாப்பிள்ளைக் கம்பி என்று பெயர். ஒரு ஹீட் சரியில்லை என்றால் மாப்பிள்ளையை மெஷினில் ஏற்றி, அந்த ரீடிங்கை இந்த ஹீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுவோம். மேனேஜர் குப்புராஜ் கொண்டுவந்த பழக்கம் இது. "லாரி நிக்குது மெர்சி, மாப்ளைய ஏத்து" என்பான். ஏற்றினேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா.

மார்ச் 17 அன்று ஒரு சைட் இன்ஜினியர், வளைத்ததும் வெடித்த கம்பியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்கே வந்துவிட்டார். ஷிப்ட் மாறும் நேரம். கேட்டில் எல்லாரும் இருந்தார்கள். குப்புராஜ் என்னைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, "இதான் சார் டெஸ்ட் பண்ண லட்சணம். பொம்பளைய லேப்ல வுட்டது என் தப்பு" என்றான். அதோடு விட்டானா? என் பையைச் சோதிக்கச் சொன்னான். செக்யூரிட்டி என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கரண்டியை விட்டுக் கிளறிப் பார்த்தார். எலுமிச்சை சாதம். யாரோ சிரித்தார்கள்.

விட மாட்டேன். அவனை நான் விடவே மாட்டேன்.

9 ஏப்ரல்

உலகத்தில் எங்கே பூமி ஆடினாலும் சொல்கிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றியிருக்கிறேன். அந்தமானுக்கு மட்டும் தனியாக அலாரம்.

ஏன் அந்தமான்? ஹீட் நம்பர் 4417. போன வருஷம் ஜனவரி. வளைத்த உடனே பட்டென்று வெடித்தது. மாப்பிள்ளை ஏறினார், நான் கையெழுத்துப் போட்டேன். லோடு கப்பலேறி போர்ட் பிளேரில் ஒரு மூன்று மாடி ஹாஸ்டலுக்குப் போனது. அந்தமான் அடிக்கடி ஆடுகிற மண்.

காத்திருக்கிறேன், குப்புராஜ்.

24 ஜூன்

அந்தமான், 4.6. அதுவும் கடலுக்குள். ஒன்றும் ஆகவில்லை. போனைக் கட்டிலில் எறிந்தேன்.

11 ஜூலை

காய்கறிக் கடையில் ஆதிகேசவனைப் பார்த்தேன். மில்லில் லோடிங் பார்ப்பவன். குப்புராஜுக்குப் பதவி உயர்வாம்.

"மால, சால்வை, பிரியாணி, எல்லாம் தடபுடலு மெர்சிக்கா. லேபுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்துகீது."

மாப்பிள்ளைக் கம்பி? என்று கேட்டேன்.

"அவுரு எங்க போவாரு? மேசைக்கு அடியிலயே குந்திக்கினு கீறாரு."

வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கினேன். கையில் வெட்டிக்கொண்டேன்.

30 ஜூலை

கம்சாட்காவில் 8.8! பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. சாயங்காலம் வரை திரும்பத் திரும்பப் பார்த்தேன், பெரிதாக உயிர்ச்சேதம் இல்லை. சுனாமி வரும் என்று ஜப்பானில் ஜனங்கள் மேடான இடத்துக்கு ஏறி நின்று கடலைப் பார்க்கிறார்கள். கம்சாட்காவிலும் எங்கோ ஒரு லேபில் ஒருத்தி இருப்பாள். ஒழுங்காக வளைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பாள். முகம் தெரியாத அவள் மேல் எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

1 செப்டம்பர்

ஆப்கானிஸ்தான். வெறும் 6.0. எண்ணூறு பேர் என்கிறார்கள், இன்னும் ஏறிக்கொண்டே போகிறது. மண் வீடுகள், கல் வீடுகள். கம்பியே பார்க்காத வீடுகள். ஒரு ஆள் வெறும் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறார் என்று சொல்லவில்லை.

ஸ்டீபன், "இன்னும் யார் சாவணும்னு வேண்டிக்கினு கீற?" என்றார்.

3 செப்டம்பர்

இன்று ஆப்பைத் திறக்கவில்லை.

1 அக்டோபர்

திறந்தேன். பிலிப்பைன்ஸில் செபு, 6.9. குப்புராஜ் புது கார் வாங்கியிருக்கிறான், எளாவூர் பக்கம் என்னைத் தாண்டித்தான் போனான். கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

13 அக்டோபர்

பகல் பதினோரு மணிக்கு அலாரம். அந்தமான், 5.2. நெஞ்சு அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில்தான், மறைக்க என்ன இருக்கிறது. செய்தி வரும் வரை பொறுக்கவில்லை. ஹாஸ்டல் நம்பரைத் தேடிப் பிடித்து நானே போன் போட்டேன். பிள்ளையைச் சேர்க்க வேண்டும், பூகம்பம் என்கிறார்களே என்று ஒரு பொய்.

எடுத்தது வார்டன். பிரேமா என்று பெயர், தமிழ்தான். "ஆடுச்சும்மா. நூத்தி நாப்பது பொண்ணுங்க, எல்லாம் கத்திக்கிட்டு கீழ ஓடி வந்துருச்சுங்க. நீங்க பயப்படாதீங்க, புதுக் கட்டடம். பெத்தவங்க கேப்பாங்கன்னே கம்பி சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்கோம்."

கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன்?

"இருங்க பாக்குறேன். மெர்சின்னு இருக்கு. யாரோ நம்ம ஊர்ப் பொண்ணு போல."

அதே நாள், சாயங்காலம்

ஆறு மாசமா இன்னாத்துக்குக் காத்துக்கினு இருந்தேன் நான்? ச்சீ.

அந்தக் கட்டடம் விழுந்தால் குப்புராஜுக்கு என்ன ஆகும்? ஒரு மயிரும் ஆகாது. சர்டிபிகேட்டில் அவன் பெயரே கிடையாது. கேட்டில் நிறுத்தின மாதிரி மறுபடி என்னை நிறுத்துவான், இந்தத் தடவை நூற்று நாற்பது பிணங்களோடு. பூகம்பத்தை அடியாளாக வைத்துக்கொள்ளப் பார்த்தேனே, அது என்ன அவன் வீட்டு விலாசம் கேட்டுக்கொண்டா வரும்?

அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் இருக்கட்டும்.

15 அக்டோபர்

கடிதம் எழுதிவிட்டேன். ஒன்று அங்கே கட்டடம் கட்டிய இலாகாவுக்கு, ஒன்று பிரேமாவுக்கு. நான்தான் அந்த மெர்சி, சர்டிபிகேட் பொய், யார் சொல்லி எப்படிச் செய்தோம் என்று எல்லாம். "முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அடுத்த மாடிக்கென்று மொட்டைமாடித் தூண்களில் கம்பியை நீட்டி விட்டிருப்பீர்கள். அதில் ஒரு முழம் வெட்டி வளைத்துப் பாருங்கள். நான் சொல்வது உண்மை என்று தெரியும்."

ஸ்டீபன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன்னையும் சேத்துத் தூக்கினு போவாங்க. கம்முனு இருக்கக் கூடாதா?"

"அவன் தனியாப் போவ மாட்டான். கூட நான் போனாத்தான் போவான்" என்றேன்.

6 நவம்பர்

பிரேமா போன் செய்தார். மூன்று துண்டு வெட்டியதில் இரண்டு வெடித்ததாம். பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "நீங்கதான் அன்னைக்குப் பேசுனதா?" என்றார். ஆமாம் என்றேன். வைத்துவிட்டார்.

19 நவம்பர்

எட்டு மாதம் கழித்துப் போனில் குப்புராஜ் குரல்.

"இன்னாம்மா எழுதி வெச்சிகிற? கையெழுத்து உன்து. மாட்டப் போறது நீ."

"ஆமா சார், என் கையெழுத்துதான். அது பொய்னு நானே சொல்றேன். அதான் நம்புறாங்க."

குரல் இறங்கியது. அப்புறம், "மெர்சி... பழசை மறந்துடும்மா. லேபுக்குத் திரும்பி வந்துடு. நான் பேசுறேன்."

முழுக்கப் பேச விட்டேன். நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. பிறகு வைத்தேன். இனித்தது. இரண்டு டம்ளர் டீ குடித்தேன்.

2 டிசம்பர்

காலையில் அலாரம். அந்தமான், 4.9. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து போனை எடுத்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. போய் அடுப்பை அணைத்தேன்.

மத்தியானம் தபால். திருவள்ளூரில் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் என்று போட்டிருக்கிறது. ஸ்டீபன் படித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் எடுத்துப் பார்த்தேன். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது வரியில் குப்புராஜ்.

நீலச் சேலையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.