மீன்கொத்திக்குப் பின்னால் நின்றவர்

கல்முனை,
திங்கட்கிழமை.

அன்பு மகன் மிஹ்லாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். அல்லாஹ்வின் கிருபையால் நானும் தங்கச்சி நிஹ்லாவும் நல்ல சுகம், வாப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, முகத்தில்தான் கொஞ்சம் வாட்டம், அது ஏனென்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த டோஹா வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நீ படங்கள் அனுப்பி எத்தனை நாளாகிவிட்டது, உம்மா ஒரு பதில் போடவில்லையே என்று கோபிக்காதே மகன். போனில் சொல்லலாமென்றால் வாப்பா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாமென்றால் நீ அதைக் கையோடு உன்னுடைய படக் குழுவில் போட்டு, அதற்கொரு கதையும் எழுதி, ஊருலகத்துக்கெல்லாம் காட்டிவிடுகிறாய். கடதாசியில் இருந்தால் அவ்வளவு லேசாகப் போட முடியாதல்லவா, அதனால்தான் டவுனில் ஸ்டூடியோவில் கொடுத்து பிரிண்ட் எடுத்து, லீவு முடிந்து உன் அறைக்கே திரும்பி வருகிற ஜெஸீமின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் உன் படங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் வடிவு, மாஷா அல்லாஹ். ஆனால் அந்த ராஜாளியைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிறாயே, கைக்கு உறை போட்டாய் சரி, கண்ணுக்கு என்ன போட்டாய்? அது திரும்பி ஒரு கொத்துக் கொத்தினால் அந்த அரபிக்காரர் வேறு கண் வாங்கித் தருவாரா? மணல்மேட்டில் ஓட்டுகிற காரின் படத்தில் இரண்டு சில்லு ஆகாயத்தில் இருக்கிறது, நான்கு சில்லும் நிலத்தில் இருக்கிற படம் ஒன்றாவது அனுப்பினால் நிம்மதியாகத் தூங்குவேன். கண்டல் காட்டுக்குள் துடுப்புப் போடுகிற படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நேரச் சோறு எனக்கு இறங்கவில்லை. நம்முடைய கடலிலேயே முழங்காலுக்கு மேல் இறங்காத பிள்ளை நீ, அங்கே போய்ப் புதிதாக என்ன பொழுதுபோக்கு? எல்லாப் படத்திலும் கழுத்தெலும்பு தெரிகிறது. அது கமராவின் கோணமென்று நிஹ்லா சொல்கிறாள், கோணத்தில் எலும்பு முளைக்குமா? ஜெஸீமைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், நன்றாகச் சாப்பிடுகிறான் மாமி என்றான், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

இனி என்னுடைய படங்கள். போகும்போது இந்தப் பழைய கமராவை என் கையில் தந்துவிட்டு, சும்மா இருந்து யோசிக்காமல் குருவி எடுங்கள் உம்மா, மனசு லேசாகும் என்று சொன்னாய். மனசு லேசானதோ இல்லையோ, இப்போது உன்னை நினைத்துக் கவலைப்படுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் குருவிகளை நினைத்தும் கவலைப்படுகிறேன். முதலாவது படம் வினாயகபுரம் கடற்கரை. கரைவலை இழுத்து முடிந்த நேரம், கூடையோடு நின்ற ஒரு அக்காவைக் கேட்டுத்தான் எடுத்தேன். என்னை எடுத்து என்னத்துக்கு தங்கச்சி, மீனை எடுங்க, படத்தைப் பார்த்து ஆராவது வாங்க வருவினம் என்று சொல்லிவிட்டு, எடுக்கும்போது மட்டும் சேலையைச் சரியாக்கிக்கொண்டு நல்ல சிரிப்பொன்று சிரித்தார். இரண்டாவது நிஹ்லாவின் கள்ளிச்செடிகள். பால்மா டின்னிலெல்லாம் கள்ளி வளர்ப்பதுதான் இப்போது அவளுடைய பொழுதுபோக்கு, ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடத்து டீச்சர்மாரின் பேர் வைத்திருக்கிறாள். கணித டீச்சருக்குத்தான் எல்லாரையும்விட முள் கூட. போன கிழமை அந்த டீச்சரே வீட்டுக்கு வந்து, இது நல்ல வடிவான செடி, பேர் என்ன மகள் என்று கேட்டுவிட்டார். நான் இடையில் விழுந்து தேத்தண்ணி ஊற்றவா டீச்சர் என்று கேட்டுப் பிள்ளையைத் தப்ப வைத்தேன்.

மூன்றாவது படத்தைக் கவனமாகப் பார். அதை நீ ஏற்கெனவே பார்த்திருக்கிறாய், உன் குழுவிலும் போட்டிருக்கிறாய். எங்கள் வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போகிற வாய்க்காலில், மதகின் இரும்புச் சக்கரத்தில் குந்தியிருக்கிற மீன்கொத்தி. செவ்வாய்க்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு உம்மா எடுத்த படம் என்று கீழே பெருமையாக எழுதினாயே, அந்த ஒரு வரிதான் மகன் இங்கே வீட்டைப் பிரட்டியது. நீ வயலுக்கு வந்ததைவிட மைதானத்துக்குப் போனதுதான் கூட, ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். இந்தச் சிறுபோகம் குளத்தில் தண்ணீர் குறைவு, அதனால் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். திங்கள் எங்களுடைய முறை, செவ்வாய் ஆலையடிவேம்புத் தம்பையா மாமாவுடைய முறை. ஒருவருடைய முறையில் மற்றவர்கள் தங்கள் வக்கடையை, அதுதான் வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்குகிற வாயை, மண் போட்டு அடைத்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை வாப்பா தானாகவே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் மதகடியில் இறக்கி, நீ இதில இருந்து ஆறுதலா குருவிய எடு புள்ள, நான் வரம்பை ஒரு சுத்துச் சுத்திட்டு வாறன் என்றார். இத்தனை வருசத்தில் என் பொழுதுபோக்குக்கு இவ்வளவு மரியாதை தந்தாரே என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

புதன்கிழமை தம்பையா மாமா வந்து பார்த்தால் அவருடைய வயலில் பாதிக்குத் தண்ணீர் ஏறவில்லை. எங்களுக்குக் கீழே இருக்கிற, முறையில்லாத றஸ்மியின் வயல் ஈரமாகக் கிடக்கிறது, வக்கடையை வெட்டித் தண்ணீர் எடுத்தது அவன்தான் என்றாகிவிட்டது. றஸ்மியை உனக்குத் தெரியும், வாய் திறந்து நாலு சொல் கதைக்கத் தெரியாத பொடியன், நான் வெட்டல்ல எண்டு சொன்னால் நம்புங்க என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் வரவில்லை. தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை கச்சிமுகம்மது காக்கா வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டமென்று சொல்லிவிட்டார். களவு ருசுவானால் றஸ்மிக்கு அடுத்த முறை கிடையாது. அவனுடைய பயிர் குடலையில் நிற்கிறது, கதிர் தள்ளுகிற நேரம் தண்ணீர் காணாவிட்டால் நெல்லுக்குப் பதிலாகப் பதர்தான் அள்ளவேண்டும். இந்தக் கதையில் எல்லாரையும்விடக் கூடச் சத்தம் போட்டது யார் என்று நினைக்கிறாய்? உன் வாப்பா. ஒரு முறை காணாது, களவெடுத்தவனுக்கு ரெண்டு முறை வெட்டவேணும், அப்பதான் இந்த வயல் கண்டம் உருப்படும் என்று தேத்தண்ணிக் கடையில் மேசையில் தட்டிச் சொன்னாராம்.

வியாழக்கிழமை நிஹ்லா உன் குழுவில் அந்தப் படத்துக்கு வந்த பாராட்டையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இடையில் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உம்மா, குருவிக்குப் பின்னால காக்கா நிக்கிறார் என்றாள். நான் காகத்தைத்தான் தேடினேன். பிறகுதான் விளங்கியது, அவள் சொன்னது கூடப்பிறந்த காக்காவை, உன்னை. தூரத்தில் ஒரு ஆள் குனிந்து மண்வெட்டியோடு நிற்கிறார், முகம் இல்லை, முதுகு மட்டும். முதுகில் குடத்தளவு எழுத்தில் மிஹ்லார் என்றும் கீழே ஏழு என்றும் இருக்கிறது. உன்னுடைய கிரிக்கெட் சட்டை. புதிய சட்டைகள் சேறாகக் கூடாதென்று அதை வயலுக்குப் போட்டுக்கொண்டு போகிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான். மண்வெட்டிக்கு முன்னால் எங்கள் வக்கடை வாயைத் திறந்துகொண்டிருக்கிறது, தண்ணீர் மினுங்கிக்கொண்டு உள்ளே போகிறது. எங்கள் வயல் நிரம்பி மிச்சம்தான் பாவம் றஸ்மியின் வயலுக்குள் இறங்கியிருக்கிறது. எங்கள் வயல் ஈரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை, திங்கள் எங்கள் முறைதானே. முறையில்லாத நாளில் வயலுக்குப் போக நானும் என் கமராவும்தான் சாட்டு. குருவியைத் தவிர மற்றதெல்லாம் மங்கலாகத் தெரியும் என்று இந்தக் கமராவைப் பற்றிச் சொல்லித் தந்தாயே மகன், உன் பேரை மட்டும் அது மங்கலாக்கவில்லை.

வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். இது மிஹ்லார்ர சட்டை என்றார். சட்டை தெரியுது, சட்டைக்குள்ள ஆரு என்றேன். நான் பல்கலைக்கழகத்தில் அளவையியல் படித்தது வீண் என்று உன் பெரியம்மா இன்றைக்கும் சொல்லுவார், அன்றைக்குத்தான் அது உதவியது. மிஹ்லாருடைய சட்டை போட்ட ஒருவர் வயலில் நின்றார், மிஹ்லார் டோஹாவில் இருக்கிறான், ஆகவே என்று தொடங்கினேன். ஆகவே எண்டு என்னோட கதைக்காத புள்ள, எனக்குப் பசிக்குது என்று எழுந்து போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத் தம்பையா மாமாவின் போன் வருகிறது. அவருடைய மகனும் உன் குழுவில் இருக்கிறானாம், படத்தைக் காட்டியிருக்கிறான், அவர் முதுகிலிருந்த பேரைக் கண்டாரே தவிர வக்கடையைக் காணவில்லை. தங்கச்சி, தம்பி மிஹ்லார் ஊருக்கு வந்து நிக்கிறாராமே, ஒரு சொல் சொல்லயில்லையே, வேலையில ஏதும் பிரச்சினையா என்று கேட்கிறார். குசினி வாசலில் சோற்றுக் கோப்பையோடு நின்ற வாப்பா, ஓம் எண்டு சொல்லு, ஓம் எண்டு சொல்லு என்று எனக்குத் தலையை ஆட்டிக் காட்டுகிறார். பெற்ற பிள்ளையை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து, வாய்க்காலை வெட்டவைத்து, திருப்பி அனுப்புகிற அளவுக்கு அந்த மனிசன் துணிந்துவிட்டார். ஒண்டும் கேட்குதில்ல அண்ணன், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ வேலை பறிபோய் இரகசியமாக வந்திருக்கிறாய் என்று கதை பரவி, பெரியம்மா உனக்கென்று வட்டிலப்பம் கொடுத்து அனுப்பினார். அதை வாப்பா சாப்பிடவில்லை, அதிலிருந்துதான் அவருக்கு உள்ளே குத்துகிறதென்று கண்டுகொண்டேன்.

நான் சண்டை பிடிக்கவில்லை மகன். எங்கள் வயலின் மேட்டுத் துண்டு தண்ணீர் காணாமல் வெடித்துக் கிடந்த பயத்தில்தான் செய்திருக்கிறார் என்று எனக்கும் விளங்கியது. ஆனால் றஸ்மியின் பெண்சாதி கடைத்தெருவில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போனதைக் கண்டபிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஒரு உறையில் வைத்து அவர் கையில் கொடுத்து, நீங்க சொல்லாட்டி நான் வந்து சொல்லுவன் என்று மட்டும் சொன்னேன். ஜும்ஆவுக்குப் போனவர் சாப்பிட வராமல் நேரே வயலுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் நடந்ததை எனக்குக் கச்சிமுகம்மது காக்கா வீட்டுக்கு வந்து சொன்னதுதான். றஸ்மிக்குத் தீர்ப்புச் சொல்ல அவர் வாயெடுக்கிற நேரம் வாப்பா எழும்பி, இதப் பாருங்க என்று படத்தை நீட்டினாராம். காக்கா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மாஷா அல்லாஹ், எங்கட வாய்க்கால்லயா இந்தக் குருவி, என்ன நிறம் என்றாராம். படம் கைக்குக் கை போகிறது, எல்லாரும் குருவியைத்தான் பார்க்கிறார்கள். தங்கச்சிக்கு நல்ல கை என்று தம்பையா மாமா சொல்லியிருக்கிறார். தீர்ப்புக்குக் காத்துக்கொண்டு நின்ற றஸ்மிகூட, வடிவா இருக்கு காக்கா என்று சொல்லிப் படத்தை வாப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அத்தோடு அதை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திராது மகன். வாப்பா உட்காரவில்லை. குருவிய உடுங்க, பின்னால பாருங்க, அதில நிக்கிறது நான்தான், றஸ்மி வெட்டல்ல, நான்தான் வெட்டினன் என்று விரலை வைத்துக் காட்டினாராம். உடனே தம்பையா மாமா, அப்ப மிஹ்லார் வரல்லயா, நான் நண்டுக் கறிக்குச் சொல்லி வச்சிட்டனே என்றாராம்.

தீர்ப்பு, எங்களுக்கு ஒரு முறையல்ல, இரண்டு முறைக்குத் தண்ணீர் கிடையாது. நீங்க மேசையில தட்டிச் சொன்ன தண்டனைதானே காக்கா என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மேட்டுத் துண்டின் பயிர் போனதுதான். றஸ்மியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கப் போனால் அவன், நீங்க போட்ட சத்தத்தில நான்தான் நித்திரையில எழும்பிப் போய் வெட்டினனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டு காக்கா என்றானாம். அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்ததை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. கச்சிமுகம்மது காக்கா என்னிடம் வந்ததும் ஒரு காரியத்துக்காக, இனி ஒவ்வொரு முறைக்கும் தங்கச்சி காலையில வந்து குருவி எடுத்தால் நல்லம், படம் எடுக்காட்டியும் பரவாயில்ல, கமராவக் கழுத்தில தொங்கப் போட்டுட்டு நடந்தாலே காணும் என்கிறார். பட்டதாரிக்கு ஊரில் வேலை கிடைக்காதென்று யார் சொன்னது?

இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியபோது, அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன். இப்போது வாப்பா வந்து பக்கத்தில் நின்று, என்ன எழுதிற என்றார். சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டார். அழிக்க வேணாம், நல்ல குருவி, கிடக்கட்டும் என்றார். போனவர் திரும்பி வந்து, கீழ ஒரு வரி மட்டும் கூட எழுதச் சொல்லு புள்ள, பின்னால நிக்கிறது மிஹ்லார் இல்ல, மிஹ்லார்ர வாப்பா எண்டு என்றார்.

அதை எழுதிவிட்டு வாப்பாவுக்கு நீயாகவே ஒரு கோல் எடு மகன், தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்காதே, கிரிக்கெட்டைப் பற்றிக் கதை. ஜெஸீமிடம் தந்த மாசிச் சம்பலுக்கு ஈரக் கரண்டி போடாதே. ஏசிக்கு நேரே தலையை வைத்துப் படுக்காதே. ஐந்து நேரமும் விடாதே. கடலிலும் மணலிலும் பறவை வாயிலும் அல்லாஹ் உன்னைப் பாதுகாத்து, ஹலாலான உழைப்பில் பறக்கத்தைத் தந்து, நல்லபடியாக எங்கள் கண்ணில் காட்டுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
உன் கழுத்தெலும்பையே நினைத்துக்கொண்டிருக்கும் உம்மா,
ஹாஜறா காலிதீன்.