மலர்விழியின் பெயர் அட்டை

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மலர்விழிக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, தம்பி ரிஷி மூவரும் இங்கே நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே, முக்குளிப்புப் பயிற்சிக்கான பெற்றோர் அனுமதிப் பாரத்தை அசல் கையெழுத்தோடு தபாலில்தான் அனுப்ப வேண்டுமாம், அதை மட்டும் தனியாக அனுப்ப மனம் வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரமாக அந்தப் பாரம் அரிசி டின்னுக்கு அடியில்தான் கிடந்தது. போன வாரம் உன் பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்கு பஸ் ஏறி வந்ததும் சுற்றிப் பார்க்க அல்ல, இந்தக் கடல் படிப்பை விட்டு வேறு படிப்புக்கு மாறிவிடு என்று நேரில் சொல்லத்தான். வந்த இடத்தில் பார்த்ததே வேறு. நானும் போர்ட் கிள்ளானில் வளர்ந்தவள், காலேஜ் படித்தவள், ஆனாலும் கடல் என்றால் கப்பல் நிற்கிற இடம் என்பதற்கு மேல் யோசித்ததே இல்லை. அங்கே குழாய் போட்டுக் கடலையே கட்டடத்துக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். வட்டமாக நிற்கிற அந்தப் பாட்டில்களைக் கடலில் இறக்கினால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் தண்ணீரை எடுத்து வாயை மூடிக்கொண்டு வரும் என்று நீ சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டுத் தண்ணீரைக் காட்டினாயே, கண்ணாடியில் செய்த மாதிரி எத்தனை உயிர்கள், அதில் ஒன்று காலை உதைத்ததே, அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. உனக்குக் கொண்டு வந்த இறால் சம்பலை ஆய்வகத்து ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுத்தேன், கருவிகளைப் பார்த்துக்கொள்கிற பரமேஸ்வரன் அண்ணன் சிரித்துவிட்டார். அக்கா, இது மைனஸ் எண்பது டிகிரி, நாளைக்குச் சுத்தியலால உடைச்சுத்தான் சாப்பிடணும் லா என்றார்.

நீ சம்பலைக் கேண்டீனில் வைக்கப் போன நேரத்தில் அவர்தான் படகில் வைக்கிற ஆணி அடித்த பலகையைக் காட்டினார். தண்ணீரில் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பெயர் அட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் போகணும், ஏறி வந்ததும் தன் கையாலேயே எடுக்கணும், ஒரு அட்டை தொங்கினாலும் எஞ்சினைத் தொட மாட்டோம் என்றார். பிறகு மேசை டிராயரைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து, இந்தப் பிள்ளை மட்டும் எழுதி வச்சுட்டு ரெண்டு வாரமா மாட்டாம இருக்கு, வீட்டுல இன்னும் கையெழுத்து வரலையாம் என்றார். மலர்விழி பாலன், உன் குண்டு குண்டு எழுத்து. அது என் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது, இத்தனை மாணவர்களில் எந்தப் பெயர் எந்த முகம் என்று இன்னும் பழகவில்லை போலும். கையெழுத்து என்னாயிற்று என்று நீயும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவும் ஷிப்டுக்குப் போகுமுன் போட்டார், இருபது வருஷமா போர்ட்ல நிக்கிறேன், கடல்ல கால் நனைச்சதில்ல, என் மக அடியில போய்ப் பார்க்கப் போறா என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமலே போய்விட்டார். சளி பிடித்திருந்தால், காது வலித்தால் இறங்காதே, வெட்கப்படாமல் சொல்லிவிடு.

நீ இறங்குகிற ஆழம் வரைக்கும் எங்கள் ஆசீர்வாதம் உன்னோடு வரும். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே, முக்குளிக்கிற நாளில் நீளமாக எதுவும் எழுத வேண்டாம், மேலே வந்ததும் உன் வெறும் ஆணியைப் படம் பிடித்து அனுப்பு, எனக்கு அது போதும்.

உன் அம்மா,
குமுதா