ஐந்தா ஐம்பதா

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் இதில் முதல் இரண்டையாவது ஒழுங்காகச் செய்கிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது, இப்போது எதிர் வீட்டு மாடியில் காயும் துணியின் கறை வரை தெரிகிறதாம், என் சட்டையை விட்டுவைப்பாளா. முன்பே சொல்லவில்லை என்று திட்டாதே, சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அவள்தான் தடுத்தாள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல மூன்று முறை வந்து, மூன்று முறையும் சளி போய்விட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், அதனால்தான் கடிதம்.

டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று போன வருடம் ஆயிரம் மருந்துச் சீட்டுப் படங்கள் அனுப்பினாய். முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்ற நானும், நர்ஸாக இருந்த அம்மாவும் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவே கூடாது, இருவரும் ஒன்றுபோல் எழுதினால்தான் சரியென்று எடுத்துக்கொள்வேன் என்று படித்துப் படித்துச் சொன்னாய். முதல் ஐம்பது சீட்டு வரை அப்படித்தான் செய்தோம், அதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பிறகு நான் திரையில் பெரிதாக்கி உரக்கப் படிப்பேன், அவள் இல்லவே இல்லை என்பாள், சண்டை நடக்கும், ஜெயித்தவர் சொன்னதை இரண்டு பேர் பேரிலும் நானே தட்டிவிடுவேன். மகளுக்கு உதவுகிற குஷியில் இது தப்பென்றே உறைக்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போகிறது, உங்களை மாதிரி ஜோடியே கிடையாது என்று நீ பூரித்தபோதுதான் செய்த தப்பு புரிந்தது, ஆனாலும் உன்னிடம் மறைத்துவிட்டேன். இப்போது அந்தத் தொண்ணூற்றெட்டை வைத்து நீ எழுதிய கட்டுரை மாதக் கடைசியில் வெளியாகிறது, அதைப் பார்த்தே பெரிய ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்கிறாய், எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் நூறு சீட்டை மறுபடி எடுத்தோம், அவள் சமையலறையில், நான் முன்னறையில், நடுவில் கதவைச் சாத்திவிட்டு. பத்தொன்பதில் ஒத்துப்போகவில்லை. ஒரு இதய மாத்திரைக்கு நான் ஐம்பது மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறேன், அவள் ஐந்து என்கிறாள், இன்றுவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் உனக்கு அனுப்பியதில் இருவர் பேரிலும் ஐம்பது என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கம்ப்யூட்டரை ஒரு மருத்துவமனை வாங்கி நம்பினால் என்ன ஆகும் என்று கடையில் நின்ற எனக்குத் தெரியாதா. உனக்கு எழுதிவிடுகிறேன் என்றதும், அவ பிழைப்புல மண்ணைப் போடாதீங்க என்று அம்மா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், இன்று காலை அவளே பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

உன் பேராசிரியரிடம் சொல்லிவிடு சிட்டு. தப்பு என் அப்பா அம்மாவுடையது என்று தைரியமாகச் சொல், வேலை தள்ளிப்போனால் போகட்டும். நீ அனுப்பிய கட்டுரைப் பிரதியின் கடைசியில் எங்கள் இருவருக்கும் நன்றி போட்டிருக்கிறாய், கண் கட்டை அவிழ்த்ததும் அம்மா முதலில் படித்தது அதைத்தான். அந்த வரியை எடுக்க வேண்டி வந்தால் எங்களுக்கு வருத்தமில்லை. பொய், வருத்தம்தான். இருந்தாலும் எடுத்துவிடு.

உன் கழுத்து வலிக்கு, நீ உட்கார்ந்து வேலை செய்யும் அந்த நாற்காலியை முதலில் மாற்று. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். பேராசிரியரிடம் பேசிய அன்றே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன்
அப்பா